பட்டறைப் பக்கம்: சின்ன மில்லிங் இயந்திரம் வாங்கலாமா?



இந்த மாதம் கடிதக் கட்டைப் பிரித்தபோது ஒரு சகோதரியின் கடிதம் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. "வாத்தியார் ஐயாவுக்கு" என்று தொடங்கி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு இப்போது டவுனை ஒட்டிய ஒரு தாமான் வீட்டில் குடியிருக்கிறார்கள். சேமநிதிப் பணத்தில் மகளின் திருமணத்தை முடித்து, வீட்டுக் கடனையும் அடைத்து, மிச்சத்தில் எட்டாயிரம் வெள்ளியைக் கணவர் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். எதற்கு?

"மில்லிங் மெஷின் வாங்க வேண்டுமாம் ஐயா. முதலில் மாவு மில் வைக்கப் போகிறாரோ என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, இரும்பைச் சீவுகிற மெஷினாம். பேரப்பிள்ளைகளுக்கு நீராவி எஞ்சின் செய்து காட்டப் போகிறாராம். ஆலையில் இடது சுண்டுவிரல் நுனியைக் கொடுத்துவிட்டு வந்த மனிதர். வீட்டிலும் இது வேண்டுமா? வீட்டில் இருக்கிற டிரில் மெஷினிலேயே முந்நூறு வெள்ளி மேசை ஒன்றைப் பூட்டினால் போதும் என்று கடைக்காரர் சொல்கிறார். இவர் கேட்கமாட்டேன் என்கிறார். நீங்களாவது சொல்லுங்கள்."

சகோதரி, தாங்கள் எதிர்பார்க்கும் பதில் என்னிடமிருந்து வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாயிரத்தைப் பற்றிய தங்கள் கவலை நியாயமானது. ஆனால் விரலைப் பற்றிய கவலை தங்களுக்கு இருக்குமானால், அந்த முந்நூறு வெள்ளி யோசனையைத்தான் முதலில் கைவிட வேண்டும்.

மாவு மில் என்று நினைத்ததில் தவறில்லை. என் பள்ளியிலும் ஒருவர் அப்படித்தான் கேட்டார். பெயர்தான் குழப்புகிறது. துளையிடும் இயந்திரத்தில் பிட்டு மேலிருந்து கீழே இறங்கித் துளை போடும். அவ்வளவுதான் அதன் வேலை. கடைசல் இயந்திரத்தில் பொருள் சுழலும், உளி நிற்கும். அதனால் அங்கே உருண்டையான பொருள்கள் பிறக்கின்றன. மில்லிங் இயந்திரத்தில் பல பற்கள் கொண்ட வெட்டி சுழலும். பொருள் மேசைமீது இறுகப் பிடிக்கப்பட்டு, கைப்பிடியைச் சுற்றச் சுற்ற இடவலமாகவும் முன்பின்னாகவும் நகரும். தட்டையான முகம், நேரான பள்ளம், சதுரமான மூலை, சாவிக்குழி, இவையெல்லாம் இங்கேதான் கிடைக்கும். அரத்தைக் கையில் வைத்து நாள் முழுக்கத் தேய்த்து வாங்குகிற ஒரு சமமான பரப்பை இது சில நிமிடங்களில் தந்துவிடும். முப்பது வருடம் அரம் பிடித்த கை இதற்கு ஆசைப்படுவதில் அதிசயம் இல்லை.

இனி அந்த முந்நூறு வெள்ளி விஷயம். இதில் நான் பட்டுத் தெளிந்தவன்.

சில வருடங்களுக்கு முன்னால் எனக்கும் இதே புத்திதான் வந்தது. மேசைமேல் நிற்கும் டிரில் மெஷின் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் அடியில் இரு திசையிலும் நகரும் சிறு மேசையைப் பூட்டினேன். பத்து மில்லிமீட்டர் வெட்டி ஒன்றை டிரில் சக்கில் மாட்டினேன். பள்ளி மணிக்கு ஒரு தாங்கி செய்வதற்காக அலுமினியத் தகட்டில் பள்ளம் வெட்டத் தொடங்கினேன். முதல் தடவை நன்றாகவே போயிற்று. அந்த நல்ல தொடக்கம்தான் என்னை ஏமாற்றியது. இரண்டாவது தடவை கொஞ்சம் ஆழமாக இறக்கினேன். ஒரு நடுக்கம் வந்தது. பிறகு தகரத்தை இழுப்பதுபோல ஓர் ஓசை. நான் சுவிட்சைத் தொடுவதற்குள் சக் முழுவதுமாகக் கழன்று, வெட்டியோடு சுழன்றுகொண்டே தகட்டின்மேல் விழுந்தது. தகட்டைக் கிழித்துவிட்டு மேசையைத் தாண்டித் தரையில் உருண்டது. வெட்டி இரண்டாக முறிந்து, ஒரு துண்டு சுவரில் பட்டுத் தெறித்தது. என் கால் பெருவிரலுக்கும் சக் விழுந்த இடத்துக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

இயந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அது துளையிடப் பிறந்தது. டிரில் சக்கை மேலே பிடித்து நிறுத்துவது ஒரு கூம்புத் தண்டு மட்டுமே. திருகும் கிடையாது, ஆணியும் கிடையாது. துளையிடும்போது விசை மேல்நோக்கித் தள்ளுவதால் கூம்பு மேலும் மேலும் இறுகும். பக்கவாட்டில் வெட்டும்போது நடப்பது நேர்மாறு. வெட்டியின் ஒவ்வொரு பல்லும் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டும். போதாததற்கு அதன் முறுக்குப் பற்கள் பொருளைக் கவ்வி, தன்னையே கீழ்நோக்கி இழுக்கும். சில நொடிகளில் கூம்பு தளர்ந்துவிடும். உண்மையான மில்லிங் இயந்திரத்திலும் கூம்புதான் இருக்கிறது. ஆனால் சுழல்தண்டின் நடுவே மேலிருந்து ஒரு நீண்ட திருகுக் கம்பி இறங்கி, வெட்டிப் பிடியை மேல்நோக்கி இழுத்துப் பூட்டி வைத்திருக்கும். விலையில் காணும் வித்தியாசத்தில் பெரும் பகுதி இந்தக் கம்பிக்கும், பக்க விசையைத் தாங்குகிற பேரிங்குகளுக்கும், கனத்த வார்ப்பிரும்புக்கும் கொடுப்பதுதான்.

ஆகவே, மில்லிங் இயந்திரம் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது அசையாமையை. குதிரைத்திறன், வேகம், பளபளப்பான வர்ணம் எல்லாம் அதற்கு அப்புறம். வெட்டி ஒரு முனையில் பிடிக்கப்பட்ட கம்பு போன்றது. அதன் நீட்டம் இரு மடங்கானால், அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும். பருமன் இரு மடங்கானால் வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். வெட்டியைக் குட்டையாகப் பிடி, முடிந்த அளவு தடித்ததாகப் பிடி என்று பழைய பட்டறைக்காரர்கள் சொல்வது இதனால்தான். இயந்திரத்தின் தூணுக்கும் இதே கணக்குத்தான். எனக்குத் தெரிந்தவரை, சின்ன இயந்திரங்களில் நல்லது எது என்று கேட்டால், வீடு தாங்குகிற அளவுக்குக் கனமானது என்பதே பாதிப் பதில்.

மறுபாதியை, என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்விதான் தீர்மானிக்கிறது. ஐயா செய்ய நினைப்பது ஸ்டூவர்ட் வகை வார்ப்புகளை வாங்கிச் செய்கிற செங்குத்து நீராவி எஞ்சின் என்று கடிதத்திலேயே இருக்கிறது. ஆலையில் ஆவியோடு வாழ்ந்தவருக்கு ஆவிமேல் பாசம் போகாது போலிருக்கிறது. சக்கையையும் ஓட்டையும் எரித்து நீராவி எடுத்து, அந்த ஆவியில் குலையை வேகவைத்து, அதே ஆவியில் மின்சாரமும் எடுக்கிற ஆலையில் முப்பது வருடம் இருந்தவர் அல்லவா! அந்த எஞ்சின்களில் பெயர் பெற்றது ஸ்டூவர்ட் 10வி. அதன் சிலிண்டர் துளை முக்கால் அங்குலம். பிஸ்டன் ஓடும் தூரமும் முக்கால் அங்குலம். முழு எஞ்சினும் ஒரு கையில் தூக்குகிற அளவுதான். இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இத்தகைய எஞ்சினுக்கு முதன்மையான கருவி கடைசல் இயந்திரம்தான். சிலிண்டரைக் குடைவதும் சக்கரத்தைக் கடைவதும் அதில்தான். ஐயாவிடம் ஒரு சிறு கடைசல் ஏற்கெனவே இருப்பதாகச் சகோதரி எழுதியிருக்கிறார், நல்லது. அது இல்லாதிருந்தால், மில்லிங் பேச்சையே எடுக்காதீர்கள் என்று இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன். கடைசல் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கன வழியும் உண்டு. கடைசலின் குறுக்கு நகர்வில் மேலும் கீழும் போகிற ஒரு சிறு சறுக்கு மேசையைப் பூட்டி, வெட்டியைக் கடைசலின் சுழல்தண்டில் மாட்டி வெட்டலாம். இங்கிலாந்தில் மைஃபோர்டு கடைசலை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே மில்லிங் இயந்திரம் இல்லாமல் ரயில் எஞ்சின் மாதிரிகளைச் செய்து முடித்தது இந்த வழியில்தான். ஆனால் இடம் சிறிது, பிடிப்பு மெல்லியது, ஒவ்வொரு பொருளையும் புதிதாக மாட்ட வேண்டும். பொறுமைசாலிகளுக்கு ஏற்றது. ஐயா ஒரே ஒரு எஞ்சினோடு நிறுத்துவதாக இருந்தால் இதுவே போதும் என்பேன். ஆனால் கடிதத்தைப் படித்தால் அவர் ஒன்றோடு நிறுத்துகிற ஆளாகத் தெரியவில்லை.

சரி, வாங்குவது என்று முடிவானால் எதை வாங்குவது?

மிகச் சிறியவற்றிலிருந்து தொடங்குவோம். ஜெர்மானியப் பெயரான புரோக்ஸானின் எம்.எஃப்.70 ஏறத்தாழ 7 கிலோதான் இருக்கும். பார்க்க அழகு, வேலையும் சுத்தம். ஆனால் அதன் மிகக் குறைந்த வேகமே நிமிடத்துக்கு 5,000 சுற்று. இங்கே ஒரு சின்னக் கணக்கு: சாதாரண இரும்பை வெட்டும்போது, எட்டாயிரத்தை வெட்டியின் விட்டத்தால் மில்லிமீட்டரில் வகுத்தால் ஏறக்குறைய சரியான சுற்று வேகம் கிடைக்கும். 10 மி.மீ. வெட்டிக்கு 800, 16 மி.மீ. வெட்டிக்கு 500. (இது சாதாரண ஹைஸ்பீடு ஸ்டீல் வெட்டிக்கு. அலுமினியத்துக்கு மூன்று மடங்கு வரை போகலாம்.) இந்தக் கணக்குப்படி 5,000 சுற்றில் இரும்பை வெட்ட ஒன்றரை மில்லிமீட்டர் வெட்டிதான் பொருந்தும். பித்தளையில் நகாசு வேலை செய்பவருக்கும், ரயில் மாதிரிக்குச் சன்னல் வெட்டுபவருக்கும் அது சரி. எஞ்சின் அடித்தட்டுக்கு உதவாது.

அதற்கு அடுத்தது ஷெர்லைன். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து ஹரால்ட் கிளிஸ்பி வடிவமைத்த சிறு கடைசலிலிருந்து கிளைத்த குடும்பம் அது; பின்னர் அமெரிக்காவில் கலிபோர்னியாவுக்குக் குடியேறியது. அதன் மில்லிங் இயந்திரம் பதினாறு கிலோ அளவில் இருக்கும். ஒருவரே தூக்கி அலமாரியில் வைத்துவிடலாம். துணைக் கருவிகள் ஏராளம், உதிரிப் பாகம் இன்னும் கிடைக்கிறது. மாடி வீட்டில் இருப்பவருக்கும், கடிகார வேலை, சிறு பித்தளை வேலை செய்பவருக்கும் நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் இரும்பில் மெல்ல மெல்லத்தான் போக வேண்டும். பிட்டராக இருந்தவருக்கு அந்த மெதுவு பொறுக்குமா என்பது சந்தேகம்.

அதற்கும் அடுத்தபடிதான் இன்று உலகம் முழுவதும் பொழுதுபோக்குப் பட்டறைகளில் நிற்கிறது: ஷாங்காயின் சீக் ஆலை செய்கிற எக்ஸ்2 வகை. ஒரே இயந்திரம், பல வர்ணம், பல பெயர்ப்பலகை. எடை ஐம்பதிலிருந்து அறுபது கிலோ. மேசை இடவலமாக 200 மி.மீட்டருக்குச் சற்று மேலும், முன்பின்னாக 100 மி.மீட்டர் அளவும் நகரும். ஸ்டூவர்ட் எஞ்சினின் எல்லாப் பாகமும் இதற்குள் அடங்கிவிடும். இதில் இரண்டு குறைகள் பேர் போனவை. பழைய வடிவத்தில் மோட்டாருக்கும் சுழல்தண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் இருக்கின்றன. வெட்டி சிக்கிக்கொண்டால் அவை பல் இழந்துவிடும். மோட்டார் எரியாமல் காப்பாற்றுகிறது என்று சமாதானம் சொல்வோர் உண்டு. எனக்கு அந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. பெல்ட்டால் ஓடும் புதிய வகைகள் வந்துவிட்டன, ஓசையும் குறைவு. தாமான் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டுக்காரர் படுத்திருப்பார் என்பதை மறக்கக்கூடாது. இரண்டாவது குறை தூண். பக்கவாட்டில் சாய்ப்பதற்காகத் தூணின் அடியை ஒரே ஒரு பெரிய நட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். சாய்த்து வெட்டுகிற வேலை வருடத்தில் ஒரு நாள் வந்தால் அதிகம். ஆனால் அந்த நட்டின் நெகிழ்வோ ஒவ்வொரு நாளும் வெட்டில் தெரியும். சாயாத திடத் தூண் உள்ள வகை கிடைத்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

நூறு கிலோவை ஒட்டிய அடுத்த வகை எல்லா விதத்திலும் மேல். இரண்டு பேர் தூக்கலாம், சிமெண்டுத் தரையில் நல்ல இரும்பு மேசை வேண்டும். பணம் இடம் கொடுத்தால் இதுதான் என் தேர்வு.

அதற்கு மேலே போகும்போது ஒரு கண்ணி இருக்கிறது. தைவானின் ரோங் ஃபூ ஆலை புகழடையச் செய்த ஆர்.எஃப்.30 போன்ற உருண்டைத் தூண் இயந்திரங்கள் இரண்டாங்கை விலையில் மலிவாக வரும். முந்நூறு கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். வாட்டசாட்டமாக இருப்பதால் வாங்கத் தோன்றும். ஆனால் தலையை ஏற்றி இறக்கினால், அது உருண்டைத் தூணைச் சுற்றித் திரும்பிவிடும். குட்டையான பிட்டால் துளைக்கு இடம் குறித்துவிட்டு, நீண்ட பிட்டு மாட்டுவதற்காகத் தலையை உயர்த்தினால், குறித்த இடம் போய்விட்டது. திரும்பவும் தேடு. துளையிடும் வேலை அதிகம் உள்ளவருக்கு அது குறையே இல்லை. எஞ்சின் வேலைக்கு ஒவ்வொரு நாளும் தலைவலி.

பழைய இரும்புக் கடையில் ஓர் ஆலை இயந்திரம் இருப்பதாகவும், அதையும் ஐயா ஒருமுறை போய்ப் பார்த்து வந்ததாகவும் சகோதரி எழுதியிருக்கிறார். பிரிட்ஜ்போர்ட் மாதிரியில் செய்தது என்றால் அது அருமையான இயந்திரம்தான். 1938-இல் அமெரிக்காவில் வெளிவந்த அந்த வடிவத்தை இன்றும் உலகம் பின்பற்றுகிறது. ஆனால் எடை ஏறத்தாழ ஒரு டன். மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடும். நம் தாமான் வீடுகளுக்குப் பெரும்பாலும் ஒற்றை பேஸ்தான். மோட்டார் பொருந்தி வந்தால் இன்வெர்ட்டர் வைத்து ஓட்டலாம். இறக்குவதற்கு லாரியும் கிரேனும், நிறுத்துவதற்குத் தரையும் யார் கொடுப்பது? வாங்கிய விலையைவிட வீட்டுக்குக் கொண்டுவரும் செலவு கூடிவிடும். நான் சொன்ன சின்ன வகைகள் எல்லாம் சாதாரண 13 ஆம்ப் பிளக்கில் ஓடுபவை. இஸ்திரிப் பெட்டியைவிடக் குறைவாகவே மின்சாரம் இழுக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவுக்கென்று செய்த 110 வோல்ட் சரக்கை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது வேண்டாம்.

இப்போது சகோதரிக்கு மிகவும் வேண்டிய பகுதி: பணம்.

எட்டாயிரத்தையும் கொண்டுபோய் இயந்திரத்தில் கொட்டிவிட்டு வந்தால், வீட்டில் இறங்குவது சும்மா நிற்கிற இரும்புதான். வெட்டி வேண்டும், வெட்டியைப் பிடிக்கக் காலெட்டுகள் வேண்டும். பொருளைப் பிடிக்க மில்லிங்குக்கென்றே செய்த வைஸ் வேண்டும், டிரில்லுக்கு வைத்திருக்கும் வைஸ் பொருளை மேலே தூக்கிவிடும். மேசைப் பள்ளத்தில் பூட்டுகிற நட்டுகளும் கிளாம்புகளும், வைஸுக்குள் பொருளின் அடியில் வைக்கிற சமப் பட்டைகளும், காந்தக் காலுடன் ஒரு டயல் கேஜும் வேண்டும். இயந்திரத்துக்குக் கொடுத்ததில் பாதியாவது இவற்றுக்குப் போகும். காலப்போக்கில் இயந்திர விலையையே எட்டிவிடுவதும் உண்டு. அதனால் ஐயாவின் எட்டாயிரத்தில் இயந்திரத்துக்கு ஐந்தாயிரம் என்று கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் எந்தக் கனம் அகப்படுகிறதோ அதுவே அவருடைய இயந்திரம். இரண்டாயிரம் கருவிகளுக்கு. மீதி ஆயிரம் தங்கள் அலமாரியில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து எது இல்லாமல் கை கட்டிப்போகிறது என்று தெரிந்த பிறகு கொடுங்கள். பெட்டி நிறைய இருபது வெட்டிகள் என்று விற்கிற மலிவுக் கட்டை வாங்க விடாதீர்கள். 6, 10, 12 மில்லிமீட்டரில் நல்லதாக இரண்டிரண்டு போதும்.

கடைக்குப் போகும்போது ஐயா தம்முடைய டயல் கேஜைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகட்டும். சுழல்தண்டின் கூம்பு வாய்க்குள் ஊசியை வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தால், முள் 0.02 மி.மீட்டருக்குமேல் ஆடக்கூடாது. மேசையை இரு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பக்கப் பட்டையின் திருகுகளை இறுக்கிப் பார்க்கலாம்; இறுக்கினால் ஒரு பக்கம் கெட்டியாகவும் மறுபக்கம் தளர்வாகவும் ஓடுகிறது என்றால் சறுக்குப் பாதையே நேராக இல்லை, விட்டுவிடலாம். கைப்பிடி ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகர்கிறது என்பதையும் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த சிலவற்றில் ஒரு சுற்றுக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 62.5 பங்கு நகரும்; பத்துச் சுற்று எண்ணி முடிப்பதற்குள் எந்தக் கணக்கு வாத்தியாருக்கும் தலை சுற்றும். மில்லிமீட்டர் திருகே நமக்கு நல்லது. கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பும்போது மேசை நகராமல் கொஞ்சம் வெறும் சுற்றுப் போகும். சின்ன இயந்திரம் எல்லாவற்றிலும் அது உண்டு. அதனால்தான் வெட்டியின் பல் எதிர்த்து வருகிற திசையிலேயே பொருளை ஊட்ட வேண்டும். பல்லோடு சேர்ந்து ஊட்டினால் அந்த வெறும் சுற்று அளவுக்கு வெட்டி பொருளைத் தன்பக்கம் சடாரென இழுத்து முறிந்துபோகும்.

கூம்பு வாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வகைகள் பெரும்பாலும் ஆர்8 அல்லது மோர்ஸ் 3 என்ற இரண்டு கூம்பில் ஒன்றோடு வரும். பிரிட்ஜ்போர்ட்டிலிருந்து வந்த ஆர்8 எளிதாக விடுபடும். மோர்ஸ் கூம்பு இறுகிப் பிடித்துக்கொள்ளும்; கம்பியின் தலையில் சுத்தியலால் தட்டித்தான் கழற்ற வேண்டும். அந்தத் தட்டு முழுவதும் பேரிங்குகளுக்குப் போகும். ஆனால் ஐயாவின் கடைசலும் மோர்ஸ் 3 வாயாக இருந்தால், ஒரே காலெட்டுகளை இரண்டிலும் பயன்படுத்தலாம் என்ற சிக்கனம் இருக்கிறது. அதை அவரே பார்த்து முடிவு செய்யட்டும்.

வீட்டுக்கு வந்ததும் உடனே ஓட்டக்கூடாது. கப்பலில் வரும்போது துருப் பிடிக்காமலிருக்கப் பிசின் போன்ற கிரீஸைப் பூசியிருப்பார்கள். அதற்குள் ஆலை மணலும் இரும்புத் துகளும் கலந்திருக்கும். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் போட்டுத் திரும்பப் பூட்ட வேண்டும். மற்றவர்களுக்கு இது தண்டனை. பிட்டருக்கு இது தீபாவளி. நம் ஊர் ஈரத்தில் வெறும் இரும்பு ஓரிரு நாளிலேயே சிவந்துவிடும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து, பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக்கால் மூடினால் உள்ளேயே வேர்த்துத் துரு ஏறும்.

இரும்பில் 10 மி.மீ. வெட்டியால் பள்ளம் வெட்டும்போது ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர் ஆழம் என்று தொடங்கலாம். ஆலையில் பெரிய இயந்திரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பிச்சை போடுவதுபோல் இருக்கும். ஆனால் இயந்திரம் நடுங்குவதைவிட மனிதர் காத்திருப்பது மேல்.

சகோதரி, விரல் விஷயத்துக்கு வருகிறேன். இந்த இயந்திரத்தின் அருகில் நிற்கும்போது கையுறை போடக்கூடாது. காப்பதற்காகப் போடுகிற உறையே வெட்டியில் சிக்கிக் கையை உள்ளே இழுத்துவிடும். மணிக்கட்டில் கட்டிய கோவில் கயிறு, மோதிரம், நீண்ட சட்டைக் கை, இவை எதுவும் ஆகாது. வீட்டில்தானே என்று கைலியோடும் பனியனோடும் நிற்பார்கள். கைலியின் நுனி மேசைத் திருகில் சுற்றும், தெறிக்கும் சீவல் கால் வழியே சுடச்சுட இறங்கும். காற்சட்டை, மூடிய காலணி, கண்ணாடி மூன்றும் இல்லாமல் சுவிட்சைத் தொடக்கூடாது. சீவலை விரலால் தள்ளக்கூடாது, தூரிகையால்தான் தள்ள வேண்டும். மேலே இழுப்புக் கம்பியை இறுக்கிய ஸ்பேனரை அங்கேயே விட்டுவிட்டு மோட்டாரை ஓட்டிவிட்டால் அது தலையை நோக்கித்தான் பறக்கும். ஐயாவுக்கு இவை தெரியாதவை அல்ல. ஆனால் ஆலையில் மேற்பார்வைக்கு ஒருவர் இருந்தார். வீட்டில் அந்த வேலையைத் தாங்கள்தான் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளைகள் வருகிற நாளில் பிளக்கைப் பிடுங்கித் தங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடுவதை அவர்கள் பார்க்கட்டும், இயந்திரம் ஓடுவதைப் பார்க்க வேண்டியதில்லை.

அந்த முந்நூறு வெள்ளி மேசையைக் கடைக்காரர் இன்னும் எடுத்து வைத்திருந்தால், வேண்டாம் என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். டிரில் மெஷின் துளை போட்டுக்கொண்டு அதன் இடத்திலேயே இருக்கட்டும். ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: கடைசலின் கூம்பு எண்ணையும், இயந்திரம் நிற்கப் போகிற இடத்தின் நீள அகலத்தையும், வாசல் அகலத்தையும் அளந்து எனக்கு எழுதச் சொல்லுங்கள். எந்த வகை பொருந்தும் என்று தனிக் கடிதத்தில் பதில் எழுதுகிறேன்.